கற்றவர் பட்ட கடன்

கல்வி பெற்றவர் கடன்பட்டவர் என்றால், அதை யாரிடம் அடைப்பது? நூலகவியல் மாணவர், முன்னாள் மாணவர் சங்கங்களின் அடிப்படைக் கேள்வி இதுவே. ஆசிரியரிடம் பெற்றதை ஆசிரியருக்கே திருப்பித் தர இயலாது. அடுத்து வருபவருக்கே தர முடியும்.

தமிழ்நாட்டில் சங்கம் முதலில் வந்தது, படிப்பு பின்னால் வந்தது. எஸ். ஆர். ரங்கநாதன் முன்னின்ற சென்னை நூலகச் சங்கம் 1928-இல் உருவாயிற்று. அடுத்த ஆண்டே அது நூலகப் பயிற்சியைத் தொடங்கியது. பிற்காலத்தில் ரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயை நூலகவியல் பேராசிரியர் பதவிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியபோது கல்வி அமைச்சராக இருந்தவர், கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம். அன்னதானத்தைவிட வித்யாதானத்தை, அதாவது கல்விக் கொடையை, உயர்த்திச் சொன்ன விவேகானந்தரின் வழிவந்தவர் அவர்.

அதே கோவையின் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இன்று நூலகவியல் துறை உண்டு. இத்தகைய துறையில் தமிழ் நூலைப் பட்டியலிடும் இளையவர், தலைப்பெழுத்தைக் குடும்பப் பெயராகக் கொண்டு தடுமாறலாம். அது பெரும்பாலும் தந்தை பெயரின் எழுத்து, பதிவு இயற்பெயரில் அமைய வேண்டும் என்று மூத்தவர் திருத்தினால், நூல் வாசகர் தேடும் இடத்தில் கிடைக்கும். வித்யாதானம் என்பது இதுதான்.

முன்னாள் மாணவர் சங்கம் வேலைவாய்ப்புச் செய்தியைப் பகிர்வதும் நல்லதே. அதோடு நின்றால் சங்கம் தன்னலக் கூட்டமாகிவிடும். கொங்கு வட்டாரத்தின் நூலகவியல் பட்டதாரிகள் ஆளுக்கோர் ஊர்ப்புற நூலகத்தையேனும் பொறுப்பேற்க வேண்டும்.