மணவினையும் நான்காம் பங்கும்



பகவன் புத்தரை வணங்கி, இல்லறத்தார் பலரும் வினவும் ஒரு பொருளைப் பற்றி இத்திங்கள் சில சொல்லப் புகுகின்றோம்.

புனே நகரின் கிழக்கே ஹடப்சரைச் சார்ந்த மகர்பட்டாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம்மவர், "மண்டப வாடகை ஏறுகின்றது, சாப்பாட்டு விலை ஏறுகின்றது, பந்தற்காரரும் படம் பிடிப்பவரும் சென்ற ஆண்டுத் தொகையை இவ்வாண்டு ஏற்பதில்லை. பிள்ளைகளின் மணத்தை எங்ஙனம் முடிப்பது?" என்கின்றனர். வினா நியாயமானதே. மங்கள் கார்யாலயம் என்றும் லான்ஸ் என்றும் அங்கு வழங்கும் மணமனைகள் நிற்கும் நிலத்தின் மதிப்பு உயர்ந்துவிட்டது. வாடகையின்மேல் நூற்றுக்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. வரி சேர்கின்றது. பொன்னோ, 2025ஆம் ஆண்டில் பத்து கிராம் ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது. இவை நம் கையில் இல்லை. நம் கையில் உள்ளவை எவை என்பதையே ஆராய்வோம்.

முதலாவது, நாள். மராட்டிய நாட்டில் ஆஷாட ஏகாதசி தொடங்கிக் கார்த்திகை ஏகாதசி வரை முகூர்த்தம் அரிது. துளசி விவாகம் முடிந்ததும் யாவரும் ஒரே நாட்களுக்கு ஓடுகின்றனர். தமிழரோ ஆடியையும் மார்கழியையும் தள்ளுகின்றனர். பலர் ஒரு நாளை விரும்பினால் அந்நாளின் வாடகை ஏறாதோ? பஞ்சாங்கத்தை விட்டு வந்த நாமும் அந்நாளையே கேட்டு வாங்கினால், விட்டொழித்த மூடநம்பிக்கைக்கு வாடகை செலுத்துகின்றோம் என்பதன்றி வேறென்ன?

நட்சத்திர ஜாதகத்தில் ஒரு கதை உண்டு. நகரத்துக் குடும்பத்தார் நாட்டுப்புறப் பெண்ணொருத்தியை மணம் பேசி நாளும் குறித்தனர். பின்னர் தம் குலத்துச் சந்நியாசியிடம் நாள் நல்லதோ என வினவினர். தம்மை முன்னரே கேட்கவில்லையே என்று சினந்த அவர், நாள் தீது என்றார். நகரத்தார் போகவில்லை. காத்திருந்து சலித்த நாட்டுப்புறத்தார் பெண்ணை வேறொருவனுக்கு மணமுடித்தனர். மறுநாள் வந்தவருக்குக் கிடைத்தது சண்டையே. விண்மீனை நோக்கியிருப்பவன் கைப்பொருளை இழப்பான் என்பதே இதன் கருத்து. ஆகலின், பிறர் விடுத்த நாளை நாம் கொள்வோம். மழைக்காலத்தில் திறந்த புல்வெளி உதவாது. விஹாரத்தின் கூரை உதவும்.

இரண்டாவது, தொகை. சிகாலோவாத சூத்திரத்தில் பகவன், இல்லறத்தான் தன் பொருளை நான்காகப் பகுத்து, ஒரு பங்கைத் துய்க்கவும், இரு பங்கைத் தொழிலில் இடவும், நான்காம் பங்கை இடர்க்காலத்துக்கென வைக்கவும் போதித்தார். மணவிருந்து எப்பங்கைச் சேர்ந்தது? அது துய்ப்பு, இடர் அன்று. எனவே முதற் பங்கிலிருந்து சிறுகச் சேர்த்ததைக் கொண்டே அது நடைபெறல் வேண்டும்.

உதாரணமாக, திங்கள் வருவாய் 40,000 ரூபாய் எனக் கொள்வோம். ஒரு பங்கு 10,000. துய்க்கும் பங்கில் திங்களுக்கு 4,000 ஒதுக்கினால் ஐந்தாண்டில் 2,40,000 ஆகும். அதில் 1,60,000 சாப்பாட்டுக்கு என்க. சாப்பாடு 400 ரூபாயாயின் 400 பேரை அழைக்கலாம். விலை 500 ஆனால் 320 பேர். விலை ஏறினால் குறைய வேண்டியது அழைப்பேயன்றி, ஏற வேண்டியது கடன் அன்று.

அத்தொகையை விடுத்து, ஐந்து லட்சத்தை நூற்றுக்கு இரண்டு மாத வட்டிக்கு வாங்கினால் என்னாகும்? திங்கள்தோறும் வட்டி மாத்திரம் 10,000. அதுவே நான்காம் பங்கு முழுவதும்! மூன்றாண்டில் 3,60,000 கொடுத்தும் முதல் அப்படியே நிற்கும். இடையில் நோய் வந்தால் எதைக் கொண்டு காப்பது? மொய் வந்து கடனை அடைக்கும் என்பாரும் உளர். மொய்யும் ஒரு கடனே; ஏட்டில் எழுதித் திருப்ப வேண்டியதே.

யாம் ஆலையில் உழைத்த காலத்தில், சம்பள நாளன்று வாயிலில் வட்டிக்காரர் காத்திருப்பதைக் கண்டுள்ளோம். அக்கடன்களுட் பல, மகளின் மணத்துக்கோ தங்கையின் மணத்துக்கோ வாங்கியவை. பகவன் அநாதபிண்டிகருக்கு உரைத்த இல்லற இன்பம் நான்கனுள் கடனின்மை ஒன்று என்பதன் பொருளை அவ்வாயிலில் அறிந்தோம்.

"நம்மவர் மாத்திரம் ஏன் எளிமையாக நடத்த வேண்டும்?" என்று இளைஞர் கேட்பது எமக்குத் தெரியும். அக்கேள்வியில் ஒரு பழம் புண் உள்ளது. 1930ஆம் ஆண்டு இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார், ஆதிதிராவிடர் பொன் வெள்ளி நகை அணியலாகாது என்று விதித்தனர். அடுத்த ஆண்டு, மணத்தில் மேளம் கூடாது, குதிரையேறி ஊர்வலம் கூடாது என்றும் சேர்த்தனர். தடுக்கப்பட்டதை அடைய மனம் விழைவது இயல்பே, அவ்வுரிமை நம்முடையதே. ஆயின் வட்டிக்காரர் கையிற் பிடித்த கடிவாளத்தோடு குதிரையேறுவது மானமாகாது. பிறர் விதித்த எளிமை அடிமைத்தனம். அறிந்து நாமே கொள்ளும் எளிமை விடுதலை.

அண்ணல் அம்பேத்கருக்கும் இராமாபாய் அம்மையாருக்கும் மணம் நடந்த இடம் எது? பம்பாய் பைகுல்லாச் சந்தையின் திறந்த கொட்டகை. கடைகள் மூடிய பின், கல் மேடைகளே ஆசனங்களாயின. அவர் 1956 டிசம்பர் 4ஆம் நாள், மறைவுக்கு இரு நாள் முன்னர் எழுதிய கடிதமொன்றில் பௌத்த மணமுறையை விளக்கினார்: ஓமம் இல்லை, சப்தபதி இல்லை. மணமக்கள் நடுவே புதிய மண்பானையில் விளிம்பளவு நீர், அந்நீரில் இட்ட பஞ்சு நூலின் இரு முனையையும் இருவரும் பற்றல், ஒருவர் மங்கள போதனையை ஓதல், இருவர்க்கும் வெண்ணுடை. இதற்கு எத்தனை ஆயிரம் வேண்டும்? புனேயிலேயே மகாத்மா ஜோதிராவ் பூலேயின் சத்திய சோதக சமாஜம் 1873 டிசம்பர் 25ஆம் நாள் புரோகிதரின்றித் தன் முதல் மணத்தை நடத்திக் காட்டியது. அதே டிசம்பர் 25ஆம் நாள், 1954இல், தேகூ ரோடு விஹாரத்தில் அண்ணல் புத்தர் சிலையை நிறுவினார். இத்தகைய மண்ணில் வாழும் நமக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்ற கவலை ஏன்?

மகர்பட்டாவே நமக்கு இன்னுமொரு பாடம் சொல்லும். அங்கு நூற்றிருபதுக்கு மேற்பட்ட உழவர் குடும்பங்கள், ஏறத்தாழ 400 ஏக்கர் வயலைத் தனித்தனியே விற்காது ஒன்றுசேர்த்து, தாமே பங்குதாரராகி நகரம் எழுப்பின. நம்மிடம் நிலம் இல்லை. ஆயினும் சேரும் வழி உண்டு. விஹாரந்தோறும் பொதுப் பாத்திரம், பாய், ஒலிபெருக்கி வாங்கி வைப்போம். சமையலுக்கு நம் இளைஞரும் மகளிரும் சேர்ந்து நிற்பர். ஒரே நாளில் இரு குடும்பத்தார் மணம் நடத்தினால் பந்தற் செலவு பாதியாகும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, மூன்று சாட்சிகளோடு பதிவும் செய்து கொள்ளலாம்.

கருமித்தனத்தை யாம் போதிக்கவில்லை. வரவறிந்து செலவிடுவோன் தராசு பிடித்தவன் போன்றவன் என்றும், வரவை மிஞ்சிச் செலவிடுவோன் அத்திப்பழம் தின்பவன் போன்றவன் என்றும் பகவன் கோலிய நாட்டு தீகசாணுவுக்கு இயம்பினார். செல்வம் இருந்தும் உண்ணாது மடிவோனையும் அவர் அங்கேயே கண்டித்தார். ஆகவே விருந்திடுங்கள், மகிழுங்கள், தானமும் செய்யுங்கள். ஆனால் நான்காம் பங்கைத் தொடாதீர்கள். மணமக்கள் விஹாரத்தை விட்டுப் புறப்படும்போது அவர்களுடைய நான்காம் பங்கு முழுமையாய் அவர்களோடு செல்லட்டும். பெற்றோர் தரும் சீர்வரிசையுள் அதனினும் உயர்ந்தது இல்லை.

சாது! சாது! சாது!