மன்னிக்கப்பட்டவன் பேரில் ஒரு கேஸ்



இந்த முறை ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். தேவன் மன்னித்துவிட்ட ஒரு குற்றத்தை, கோர்ட்டுப் பதிவேட்டிலிருந்தும் நீக்கிப்போட ஒரு விசுவாசி வக்கீலைத் தேடிப் போகலாமா? அது விசுவாசக் குறைவா? செய்ததை மறைக்கிற தந்திரமா? இந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கே வந்தது. அதற்கு நான் முதலில் சொன்ன பதில் தவறு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் சபைக்கு வருகிற ஒரு தம்பி. பேர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். 2015-ல் அவனுக்கு 20 வயசு. கோயில் கொடை சமயத்தில் குடித்துவிட்டு, பாக்கிக் கணக்கு விஷயமாக ஒரு டீக்கடைக்காரரோடு வாய்த்தகராறு. கையில் கிடைத்த கம்பால் அடித்துவிட்டான். அவருக்கு வலது கைவிரல் முறிந்தது. எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். குற்றப்பத்திரிகையும் தாக்கல் ஆயிற்று. அப்புறம் வாய்தா மேல் வாய்தாவாகக் கேஸ் இழுத்துக்கொண்டே போனது.

2018-ல் அவன் இரட்சிக்கப்பட்டான். குடியை விட்டான். ஞானஸ்நானம் எடுத்தான். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொன்னபோது அந்த அடிதடியையும் சொல்லி அழுதான். சபையார் எல்லாரும் கண்ணீரோடு ஸ்தோத்திரம் செய்தோம்.

மறு வருஷம் வளைகுடா நாட்டில் வெல்டர் வேலைக்கு ஒரு வழி வந்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில், உங்கள் மேல் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த ஃபார்மோடு என்னிடம் வந்தான்.

“பாஸ்டர், ஆண்டவர்தான் எல்லாத்தையும் மன்னிச்சிட்டாரே. ‘இல்லை’ன்னு போட்டா அது பொய்யாகுமா?”

“பொய்தான் தம்பி. சபைக்கு முன்னால சாட்சியில மறைக்காதவன் ஃபார்ம்ல மறைக்கலாமா?” என்றேன். அதுவரைக்கும் சரி.

“அப்போ ஒரு வக்கீலைப் பாக்கட்டுமா?” என்று கேட்டான்.

“கோர்ட்டு நமக்கு எதுக்கு? ஜெபம் பண்ணு, ஆண்டவர் வாசலைத் திறப்பார்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பைபிள் காலேஜில் டிப்ளமா வாங்கினவன் நான். சகோதரன் சகோதரன்மேல் வழக்குப் போடுவதைப் பவுல் கண்டித்ததை எடுத்து, சம்பந்தமில்லாத இடத்தில் பொருத்திவிட்டேன்.

அந்த வாரம் அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தைத் தியானித்தபோது ஆண்டவர் என்னோடு இடைப்பட்டார். பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். விடிந்ததும் ரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் போகவில்லை. தான் ரோமன் என்று சட்டத்தைச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகவேண்டும் என்றார். பூமியதிர்ச்சியில் சிறைக்கதவு திறந்தபோது ஓடாத மனுஷன், சட்டப்படி நியாயம் கேட்கத் தயங்கவில்லை. அப்படியானால் சட்டத்தின் உதவியைக் கேட்பது விசுவாசக் குறைவல்ல. எனக்கு வெட்கமாய் இருந்தது. மறுநாளே தம்பியைக் கூட்டிக்கொண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன்.

அங்கே கிடைத்த வக்கீல் அம்மா தெளிவாகச் சொன்னார்கள். “தம்பி அடிச்சது உண்மை. அடிக்கலைன்னு நான் வாதாட மாட்டேன். ஆனா கேஸை ரத்து பண்ற அதிகாரம் ஹைகோர்ட்டுக்கு இருக்கு.” குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ம் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 528-ம் பிரிவாக இருக்கிறது. தனிப்பட்ட தகராறுகளில் இரண்டு தரப்பாரும் மனப்பூர்வமாய் சமாதானமாகிவிட்டால், கீழ்க்கோர்ட்டில் சமாதானமாக முடிக்க இயலாத பிரிவாக இருந்தாலும் ஹைகோர்ட் ரத்து செய்யலாம் என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்ற கொடிய குற்றங்களுக்கு இந்த வழி இல்லை.

பிறகு அந்த அம்மா கேட்டார்கள்: “அடிபட்டவர் சம்மதிக்கணும். கையெழுத்துப் போடணும். மதுரைக்கு வந்து ஜட்ஜ் முன்னால சொல்லணும். அவரைப் பாத்துப் பேசினீங்களா?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அதுவரை யாரும் போகவில்லை.

சாயந்தரம் டீக்கடைக்குப் போனோம். தம்பி அவர் காலில் விழப் போனான். அவர் தடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “பாஸ்டரய்யா, இவன் திருந்திட்டான்னு ஊரே சொல்லுது, சந்தோஷம். உங்க கோயில்ல அழுதானாம். கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்டானாம். எங்கிட்ட யாரு கேட்டா? ரெண்டு மாசம் கடையைத் திறக்க முடியலை. மூத்த பிள்ளைக்கு அந்த வருஷம் பீஸ் கட்ட நாயாப் பேயா அலைஞ்சேன். இப்போ வெளிநாடு போகணும்ன உடனே அண்ணாச்சி ஞாபகம் வந்துட்டுது, அப்படித்தானே?”

பிரியமானவர்களே, அந்த வார்த்தை என் இருதயத்தைக் குத்திவிட்டது. ஒரு வருஷம் அந்தத் தம்பியின் சாட்சிக்காகக் கைதட்டினோம். அடிபட்டவர் எங்கள் சபையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போ என்று நான் சொல்லவில்லை. சபை கேட்காத கேள்வியைச் சட்டம் கேட்டது.

வேதம் இதைக் கேட்காமலில்லை. சகேயு மனந்திரும்பின அன்றே, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். ஒநேசிமுவைப் பவுல் தன்னோடே வைத்துக்கொள்ளவில்லை. பிலேமோனிடமே திருப்பி அனுப்பி, அவன் கடன்பட்டிருந்தால் நான் செலுத்துகிறேன் என்று தன் கையால் எழுதிக்கொடுத்தார். மன்னிப்பு மேலேயிருந்து வருகிறது. ஆனால் அதைப் பெற்றவன் நடந்துபோக வேண்டிய வீடு ஒன்று பூமியில் இருக்கிறது.

தம்பி அன்று கையெழுத்துக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவையும் இரண்டு மாசத்து வருமானத்தையும் கணக்குப் போடச் சொன்னான். வெல்டிங் கூலியிலிருந்து எட்டு மாசமாகக் கட்டி முடித்தான். கடைசித் தவணை கொடுத்த அன்று அண்ணாச்சியே கேட்டார்: “மதுரைக்கு எப்போ போகணும்லே?” இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஹைகோர்ட் மதுரைக் கிளை வழக்கை ரத்து செய்தது. உத்தரவின் நகலை ஸ்டேஷனிலும் கீழ்க்கோர்ட்டிலும் தம்பியே கொண்டுபோய்க் கொடுத்தான். முதலில் வந்த வேலை கைவிட்டுப் போயிருந்தது. அடுத்த வருஷம் வேறொன்று கிடைத்தது.

இதைப் படிக்கிற சிலர் வீட்டிலும் இப்படிப்பட்ட பாரம் இருக்கலாம். உங்களுக்காகச் சில காரியங்கள்:

பெண்கள், பிள்ளைகள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்கள், காவலில் இருப்பவர்கள் போன்றோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

18 வயது ஆகுமுன் செய்த குற்றம் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்கக்கூடாது என்று 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் சொல்லுகிறது. கொடிய குற்றங்களில் மட்டும் சில விலக்குகள் உண்டு.

கேஸ் ரத்தானாலும் பொய் சொல்ல உரிமை வந்துவிடாது. முன்பு எப்போதாவது வழக்கு இருந்ததா என்று ஃபார்மில் கேட்டால், இருந்தது, இன்ன தேதியில் ரத்தானது என்றே எழுதுங்கள். வேலைக்குச் சேருகிறவர் கேட்டதற்கு உண்மையைச் சொல்லவேண்டும் என்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது.

தண்டனை பெற்றவர் இத்தனை வருஷம் ஒழுங்காய் வாழ்ந்தால் அந்தப் பதிவு தள்ளுபடியாகும் என்கிற சட்டம் இங்கிலாந்தில் 1974-லேயே வந்தது. நம் தேசத்தில் அப்படி எல்லாருக்குமான பொதுச் சட்டம் இல்லை. அப்படிப்பட்ட சகோதரர்களுக்குக் கோர்ட்டு வாசல் அடைபட்டிருக்கலாம். சபையின் வாசலும் அடைபட்டிருந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? நம் விசுவாசி முதலாளிகள் இதை யோசிக்க வேண்டும்.

அண்ணாச்சியின் அந்த விரல் இன்றும் முழுசாய் மடங்காது. கோர்ட்டு உத்தரவால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. தம்பி லீவில் வரும்போதெல்லாம் அந்தக் கடையில்தான் முதல் டீ. தான் செய்ததை மறக்க அவன் விரும்பவில்லை.

வக்கீலிடம் போங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்பாக யாரிடம் போகவேண்டும் என்று இன்று ராத்திரி முழங்காலில் நின்று கேளுங்கள். கர்த்தர் அந்தப் பேரை நினைப்பூட்டுவார். அவர்தாமே உங்களோடுகூட நடந்து வருவாராக. ஆமென்.