இரத்தத்தைக் கேட்டவர் யார்?



பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்ய வரும் பிள்ளை தன் தாயைப் பார்த்து, “சர்வேசுரன் நல்லவரென்றால் தம் சொந்தக் குமாரனுடைய இரத்தத்தை ஏன் கேட்டார்?” என்று வினவினால், அவள் என்ன சொல்வாள்? பெரும்பாலும், “வாயை மூடு, பாவம்” என்பாள். கேள்வி பாவமல்ல. வேதசாஸ்திரிகள் பல நூற்றாண்டாக இதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

நம்மில் அநேகர் மனதில் வைத்திருக்கும் சித்திரம் இது: கோபங்கொண்ட ராசா ஒருவன் கோலை ஓங்கி நிற்கிறான், குற்றமற்றவன் ஒருவன் குறுக்கே வந்து அடியை வாங்கிக்கொள்கிறான், ராசாவின் கோபம் ஆறுகிறது. இவனை நீதிமான் என்போமா? ஒருவன் திருட, பக்கத்து வீட்டுக்காரனைச் சிறையிலடைத்தால் ஊர் சிரிக்குமே!

1941-ம் ஆண்டு, ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து கைதி ஒருவன் தப்பினதற்காகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல நாஸிகள் தீர்மானித்தார்கள். பத்தில் ஒருவர் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். மாக்சிமிலியன் கோல்பே என்னும் பிரான்சிஸ்கு சபைக் குரு வரிசையை விட்டு வந்து, அவருக்குப் பதிலாய்த் தம்மை அனுப்பக் கேட்டார்; அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்குப் பின்னும் உயிர் போகவில்லை. ஆகஸ்டு 14-ந் தேதி விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். தப்பிய அந்தக் குடும்பஸ்தர், 1982-ல் ரோமையில் கோல்பேக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளிக்கப்பட்டபோது அங்கே இருந்தார்.

இங்கே சாவைக் கேட்டவன் முகாம் அதிகாரி, கேட்டது அநியாயம். கொடுத்தவரோ நேசத்தால் கொடுத்தார். சாவு ஒன்றே, கேட்டவனிடத்தில் அது கொலை, கொடுத்தவரிடத்தில் பலி. கல்வாரியிலே பிதாவை அந்த அதிகாரியின் இடத்தில் நிறுத்துவதுதான் நமது தப்பு. அங்கே நிற்பது மனிதனுடைய பாவம்.

பிதா தம் குமாரனைக் கையளித்தார் என்று வேதாகமம் சொல்லவில்லையா? சொல்கிறது. நமக்காகப் பாடுபடும் நேசத்தை அவருக்குள் ஊட்டியதே அந்தக் கையளிப்பு என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் விளக்குகிறார். அவருக்கு முன்னே, 1098-ல் தமது நூலை முடித்த அர்ச். ஆன்செல்மும் தண்டனை வேறு, பரிகாரம் வேறு என்று பிரித்தார். தண்டனை, மனமில்லாதவனிடமிருந்து பிடுங்குவது. பரிகாரம், மனமுவந்து கொடுப்பது. அதிலும் குமாரன் அந்நியரல்ல. பிதாவோடு ஒரே சர்வேசுரன். கடன் கொடுத்தவரே கடனைத் தீர்க்க இறங்கி வந்தார்.

அப்படியானால் நாம் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லையோ? ராசாவின் கோபம் ஆறிவிட்டதென்ற கணக்கில் ஒன்றுமில்லைதான். பலி என்பது நேசமென்றால் கணக்கு மாறுகிறது. அந்த நேசத்தில் சேராதவனுக்குப் பீடத்தண்டையில் என்ன வேலை? “பூசைக்குப் பணம் கட்டிவிட்டேன், சாமி” என்கிறவரின் கொல்லையிலே கூலியாள் மூன்று மாதக் கூலிக்கு நிற்கிறான். அண்ணன் தம்பி வரப்பை வெட்டித் தன் வயலோடு சேர்த்துக்கொண்டு, பெரிய வெள்ளியன்று சுத்த போசனம் அனுசரிக்கிறான். பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பு உண்டு. ஆனாலும் திருடினதைத் திருப்பிக் கொடுக்கும் கடமையைக் குரு நீக்க முடியாது.

சக்கேயு என்னும் ஆயக்காரன் சேசுநாதரை மரத்திலேறிப் பார்த்தான். பிறகு தன் வீட்டில் அவரைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டான். இரட்சணியம் அந்த வீட்டுக்கு வந்ததென்று ஆண்டவர் சொன்னதோ, வஞ்சித்து வாங்கினதை நாலு மடங்காய்த் திருப்புவதாக அவன் எழுந்து நின்று சொன்ன பிறகு.