சிவனொளிபாதத்தின் முக்கோண நிழல்

டிசம்பர் போயா முதல் வெசாக் வரை, நல்லதண்ணிப் பாதையில் இரவெல்லாம் படியேறுகிறவர்கள் விடியலில் சூரியனைக் கும்பிட்ட கையோடு மேற்கே திரும்புகிறார்கள். சிவனொளிபாதமலையின் நிழல் சபரகமுவத் தாழ்நிலத்தின் மேல், அளந்து வெட்டிய முக்கோணமாக விழுந்து கிடக்கும். பனிமூட்டம் இருந்தால் எதிரே எழுந்தும் நிற்கும். சிவன் பாதம் பதிந்த இடம் (பௌத்தருக்குப் புத்தர், முஸ்லிம்களுக்கு ஆதம்) என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இது சாட்சியாகாது. ஃபூஜி மலையின் உச்சியில் நிற்பவருக்கும் இதே முக்கோணம்தான் தெரிகிறது; மலை கோணல்மாணலாக இருந்தாலும் நிழல் கூராகவே தோன்றும். பல மைல் நீளும் நிழலின் இரண்டு ஓரங்களும், ஹட்டன் ஸ்டேஷனில் நின்று பார்க்கும் தண்டவாளம்போல, தூரத்தில் நெருங்கிவிடுகின்றன. அது எழுந்து நிற்பதன் காரணத்தை 1880களில் இம்மலை ஏறிய வானிலை ஆய்வாளர் ரால்ஃப் அபர்குரொம்பி சொன்னார்: நிழல் தரைக்குப் போகுமுன்பே இடையில் மிதக்கும் பனியில் விழுந்துவிடுகிறது.

அப்படியானால் கும்பிடுகிறவர் ஏமாறுகிறாரா? பகுத்தறிவாளர் ஆம் என்பார். அது அவசர முடிவு. சைவ சித்தாந்த நூலான சிவஞானசித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் ஐயமும், ஒன்றை வேறொன்றாகக் கொள்ளும் திரிவும் நீங்கிய அறிவையே காட்சி என்று ஏற்கிறார். இங்கே திரிவு கண்ணில் இல்லை. தூரத்துப் பொருள் சிறுத்துத் தெரியாவிட்டால்தான் கண்ணில் கோளாறு. 'மலையே முக்கோணம்', 'இது அற்புதம்' என்று மனம் தீர்ப்பெழுதும்போது திரிவு நுழைகிறது. சினிமாக்காரர்களுக்கு இந்த வித்தை அத்துப்படி. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தில் மந்திரவாதியாக நடித்தவரைக் கமராவுக்குப் பக்கத்திலும் குள்ளனாக நடித்தவரைத் தள்ளியும் இருத்தி, அருகருகே இருப்பதாக நம்பவைத்தார்கள். லென்ஸ் உள்ளதைத்தான் பிடித்தது. இடைவெளியை மறைத்தவர் இயக்குநர்.

காரணம் தெரிந்தபின் கும்பிட என்ன மிச்சம் என்று பக்தர் கேட்கலாம். தெரிந்தவருக்கும் மறுநாள் அதே முக்கோணம்தான் தெரியும். வணக்கம் அற்புதத்தை நம்பி நிற்பதாக இருந்தால், அது முன்பே பலவீனமானதுதான். தவிர, அந்த நிழல் எதையும் ஒளிக்கவில்லை. தான் எங்கே நின்று பார்க்கிறோம் என்பது, முழங்கால் நோக ஏறி வந்தவருக்குத் தெரியும். தேயிலைப் பெட்டிப் படங்கள் அப்படியல்ல. பச்சைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அங்கே வண்ணப் புள்ளிகள். அந்தத் தூரத்துக்குக் கூடைக் கயிறு அழுத்திய நெற்றி தெரியாது, அட்டை கடித்த கால் தெரியாது, 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவும் தெரியாது. எட்ட நின்று எடுத்ததைச் சொல்லாமல் அழகென்று விற்பதே திரிவு. நிழலைக் கும்பிடுகிறவரைக் கேள்வி கேட்குமுன், கமராவை எங்கே வைத்தீர்கள் என்று இந்தப் படக்காரர்களைக் கேளுங்கள்.