பாதம் பற்றும் சொல்

என் பாட்டிக்கு லத்தீன் தெரியாது. ஆனால் லத்தீனில் பாடுவாள்.

விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையில், புக்கோபாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாழையும் காப்பியும் சூழ்ந்த வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் என்னை எழுப்பிக் கோயிலுக்குக் கூட்டிப்போவாள். குருவானவர் எங்களுக்கு முதுகு காட்டி நின்று லத்தீனில் பூசை சொல்வார். பாட்டி மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, 'சாங்க்துஸ்' வரும்போது ஓர் அசை பிசகாமல் கூடப் பாடுவாள். கன்னத்தில் நீர் வழியும். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருமுறை கேட்டேன். "அர்த்தம் அவருக்குத் தெரியும்" என்று மேலே கையைக் காட்டினாள்.

எனக்கு அப்போது ஆறேழு வயது. புரியாத ஒன்றை மனமார வணங்க முடியுமா? முடியும் என்பதற்குப் பாட்டியே சாட்சி. அப்படியானால், புரியாத மொழியில் பாடம் கேட்டுவிட்டு "ஆமாம் டீச்சர்" என்று எழுந்து நிற்கும் பிள்ளையின் மரியாதையும் அதே மரியாதைதானா? தான்சானியாவில் 36 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பாட்டியின் பதில் என்னை விட்டுப் போகாததற்குக் காரணம் இந்த இரண்டாவது கேள்விதான்.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்தபின் எங்கள் ஊரிலும் பூசை மாறியது. லத்தீன் போய் சுவாஹிலி வந்தது. எங்கள் மறைமாவட்டத்தின் ஆயர் லோரியன் ருகாம்ப்வா. 1960இல் கர்தினால் ஆனவர், எங்கள் ஹாயா இனத்துப் பிள்ளை. ஊரே பெருமைப்பட்டது. பாட்டி மட்டும் முகம் சுளித்தாள். எங்கள் வீட்டு மொழி கிஹாயா. சுவாஹிலி என்றால் அவளுக்குத் தூரத்துக் கடற்கரையிலிருந்து துணி விற்க வந்தவர்களின் பேச்சு. "ஆண்டவர் வியாபாரி மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டார்" என்றாள். நான் பள்ளியில் சுவாஹிலி கற்றுக்கொண்டிருந்தேன். கோயிலில் முதல்முறையாக எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே நாளில் அவள் இழந்தாள், நான் பெற்றேன்.

சுவாஹிலியில் பெரியவர்களைக் கண்டால் 'ஷிகமோ' என்போம். அவர்கள் 'மரஹபா' என்பார்கள். உங்கள் பாதத்தைப் பற்றுகிறேன் என்பது அதன் மூலப்பொருள் என்று சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது முறை சொல்கிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. அடிமைக் காலத்துச் சொல், விட்டுத்தொலைக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அவர்களது கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் விடமாட்டேன். வழியில் போகும் யாரோ ஒரு கிழவர் தலைச்சுமையோடு எதிரே வருகிறார். அமைச்சர் வீட்டுப் பிள்ளையும் அவருக்கு ஷிகமோ சொல்லியாக வேண்டும். வயதைத் தவிர வேறெதுவும் அந்தச் சொல்லுக்குக் கண்ணில் படாது. அதன் வேர் எதுவாகவும் இருக்கட்டும், அதைச் சொல்லும்போது நடக்கிற காரியம் இரண்டு பேருக்கும் புரிகிறது. பாட்டியின் லத்தீனும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். சொல் புரியவில்லை, உறவு புரிந்தது.

1981இல் என்னை ஆசிரியையாகத் தெற்குக் கோடிக்கு அனுப்பினார்கள். அன்றைய வழக்கம் அது. வடக்கே பிறந்தவளைத் தெற்கே போடுவார்கள், மலைக்காரனைக் கடலோரத்தில் போடுவார்கள். புக்கோபாவிலிருந்து எம்.வி. விக்டோரியா கப்பலில் ஓர் இரவு, ம்வான்சாவிலிருந்து தார் எஸ் சலாமுக்கு ரயில், அங்கிருந்து பஸ். ருஃபிஜி ஆற்றுக்கு அப்போது பாலம் கிடையாது, 2003இல்தான் வந்தது. தோணித்துறையில் வண்டிகள் வரிசையாக நிற்க, ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்தேன். போய்ச் சேர்ந்த இடம் மகோண்டே பீடபூமி. முந்திரி மரமும் செம்மண்ணும். தண்ணீருக்குப் பெண்கள் பள்ளத்தாக்கு வரை இறங்கிப் போய் வர வேண்டிய ஊர்.

முதல் வாரமே காய்ச்சலில் படுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருத்தி, தலையில் சுமந்து வந்த தண்ணீரில் பாதியை என் பானையில் ஊற்றினாள். மரவள்ளிக்கிழங்கு மாவில் களி கிண்டிக்கொண்டு வந்து, 'ம்வனாங்கு, சாப்பிடு' என்றாள். என் பிள்ளையே என்று அர்த்தம். அவள் சுவாஹிலி கொச்சை, என் சுவாஹிலி பள்ளிக்கூடத்துப் பாஷை. இரண்டு பேருக்கும் அது தாய்மொழி இல்லை. இரண்டு பேருமே அந்த மொழிக்குள் விருந்தாளிகள். விருந்துக்கு வந்த இடத்தில் யாரும் யாரையும் விரட்ட முடியாதல்லவா?

இந்த நாட்டில் 120க்கும் மேற்பட்ட மொழிகள். சுவாஹிலியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கடலோரத்திலும் தீவுகளிலும் இருந்த ஒரு சிறு கூட்டம். அதனால் எங்களில் யாரும் அதைத் தன் அப்பன் வீட்டுச் சொத்து என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஜூலியஸ் நைரேரே இதைக் கண்டுகொண்டவர். அவரே சனாக்கி என்ற சின்னஞ்சிறு இனத்தில் பிறந்தவர். தபோராவிலும் புகுவிலும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஜனாதிபதி ஆன பிறகும் நாடு அவரை 'ம்வாலிமு', அதாவது வாத்தியார் என்றுதான் கூப்பிட்டது. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரையும் வெனிஸ் வணிகனையும் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார். அரசு நடத்துகிறவருக்கு அதற்கு ஏது நேரம் என்று சின்ன வயதில் வியந்திருக்கிறேன். இந்த மொழி எதையும் தாங்கும் என்று எங்களுக்குக் காட்டுவதும் அரசு நடத்துவதன் ஒரு பகுதி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 1967க்குப் பிறகு எங்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் என்ன என்ற கேள்வியே இல்லை.

அவரிடம் நான் முரண்படும் இடமும் உண்டு. ஏழாம் வகுப்பு வரை எல்லாம் சுவாஹிலியில். அதற்கு மேல் ஒரே நாளில் எல்லாம் ஆங்கிலத்தில். உயர்நிலைப் பள்ளியையும் சுவாஹிலிக்கு மாற்றலாம் என்று ஜாக்சன் மக்வேட்டா தலைமையிலான குழு 1982இல் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. ஆங்கிலத்தை விடக்கூடாது என்பதில் ம்வாலிமுவும் உறுதியாக இருந்தார். பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. கணக்கை ஆங்கிலத்துக்குள் ஒளித்துவைத்துவிட்டுப் பிள்ளையைத் தேடச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பொறுக்கவில்லை என்று இப்போது எழுதுகிறேன். அன்று நான் செய்தது வேறு.

எங்கள் பள்ளியில் ஒரு பலகைத் துண்டு இருந்தது. உள்ளங்கை அகலம், துளையில் சணல் கயிறு. வகுப்பில் சுவாஹிலி பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டுவோம். அடுத்துப் பேசுகிறவன் மாட்டும்வரை அவன் கழுத்தில் கிடக்கும். உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஃபார்ம் ஒன்னில் குறை எண்களை நடத்திக்கொண்டிருந்தேன். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் என்று கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, புரிந்ததா என்றேன். நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். பீடபூமிக்காரன், முழங்கால் கிழிந்த கால்சட்டை. "ஹாசியை ஹாசியால் பெருக்கினால் ஏன் சான்யா வருகிறது? இரண்டு கெட்டது சேர்ந்து எப்படி நல்லது ஆகும்?" என்று சுவாஹிலியில் கேட்டான். ஹாசி என்றால் குறை எண், சான்யா என்றால் மிகை எண். என் 36 வருடத்தில் ஒரு வகுப்பறையில் எழுந்த மிக நல்ல கேள்விகளில் அது ஒன்று. "ஸ்பீக் இங்கிலீஷ்" என்றேன். அவனுக்கு வரவில்லை. பலகையை எடுத்து மாட்டினேன்.

ஐந்து நிமிடம் போதும், அதைச் சுவாஹிலியில் சொல்ல. உன் பேரில் தலா மூன்று ஷில்லிங்குக்குக் கடன்சீட்டுகள் கிடக்கின்றன. கடைக்காரர் அவற்றில் இரண்டைக் கிழித்துப் போடுகிறார். உன் கையில் காசு வரவில்லை, ஆனாலும் ஆறு ஷில்லிங் அளவுக்கு நீ உயர்ந்துவிட்டாய், இல்லையா? இதைச் சொல்லாமல் கயிற்றை மாட்டினேன். அவன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுவதும் அவன் வாய் திறக்கவில்லை. என்னைக் கண்டால் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு ஷிகமோ சொல்வான். அந்த மரியாதை என்னை இன்றைக்கும் சுடுகிறது.

சுவாஹிலியில் பெயர்ச்சொற்களுக்கு வகுப்புகள் உண்டு. மனிதன் 'ம்ட்டு', மனிதர்கள் 'வாட்டு', மனிதத்தன்மை 'உட்டு'. நாற்காலி, புத்தகம் போன்ற பொருள்கள் 'கி' என்ற முன்னொட்டோடு வேறு வகுப்பில் கிடக்கும். பார்வையற்றவருக்கு 'கிபோஃபு' என்று பெயர், காதுகேளாதவருக்குக் 'கிசிவி'. பெயரைப் பார்த்தால் அவர்களும் நாற்காலியோடு சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் வினைச்சொல் வரும்போது, அது பொருளுக்கான ஒட்டை எடுப்பதில்லை, மனிதனுக்கான ஒட்டையே எடுக்கும். பெயர் கீழே தள்ளினாலும் வினை தூக்கிவிடுகிறது. யாரோ முகம் தெரியாத முன்னோர்கள் இந்த இலக்கணத்தைப் பேசிப்பேசியே உண்டாக்கினார்கள் என்று நினைக்கையில் எனக்குக் கண் கலங்கும். பலகை மாட்டிய அன்று நான் அந்தப் பையனைப் பொருளாக்கினேன். பின்னால் வந்து அவனைத் தூக்கிவிட என்னிடம் ஒரு வினை இருக்கவில்லை.

ஒரு மொழி இருந்தால் ஒரு நாடு அமைந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. 1994 ஏப்ரல் கடைசியில் ருசுமோ பாலத்தைக் கடந்து, ஒருநாள் பொழுதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ருவாண்டா மக்கள் எங்கள் ககேரா பகுதிக்குள் வந்தார்கள். ககேரா ஆறு பிணங்களைச் சுமந்துகொண்டு வந்து ஏரியில் சேர்த்தது. ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையில் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பேசியது ஒரே மொழி, கின்யருவாண்டா. ஒரே கோயிலில் ஒரே செபத்தைச் சொன்னவர்கள். பலர் புகலிடம் தேடி உள்ளே போன கோயில்களிலேயே வெட்டப்பட்டார்கள். சொற்கள் அத்தனையும் புரிந்துதான் அது நடந்தது. அங்கே அடையாள அட்டையில் இனம் எழுதியிருந்தது. ஆகவே புரிந்த மொழி மட்டும் போதாது. அந்த மொழியில் நான் உன்னை என்னவென்று கூப்பிடுகிறேன் என்பது இருக்கிறது. மகோண்டே மூதாட்டி என்னை ம்வனாங்கு என்றாள். அங்கே பக்கத்து வீட்டுக்காரனைக் கரப்பான் பூச்சி என்றார்கள், வானொலியில், எல்லோருக்கும் புரிகிற மொழியில்.

இத்தனையும் சுவாஹிலிக்காகப் பேசிவிட்டேன். அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும்.

என் அம்மா காப்பிக்கொட்டை விற்ற இடத்தில் கட்டைவிரல் ரேகை வைத்துக்கொண்டிருந்தவள். 1970களின் தொடக்கத்தில் ஊரெங்கும் முதியோர் கல்வி வகுப்பு நடந்தது. சாயங்காலம் மரத்தடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றாள். 1967இல் இந்த நாட்டின் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1980களின் நடுவில், அரசுக் கணக்குப்படி, பத்தில் ஒருவருக்குத்தான் தெரியாது. அப்படி எழுதக் கற்றவர்களில் என் அம்மா ஒருத்தி. முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட அன்று விரலைக் கழுவவே இல்லை, மை இருக்கட்டும் என்று. ஆனால் அவள் கற்றது சுவாஹிலி எழுத்து. பாடப்புத்தகம், செய்தித்தாள், அரசாங்கக் கடிதம் எல்லாம் அதில்தான். கிஹாயா அடுப்படியிலும் செபத்திலும் தங்கிவிட்டது.

2012இல் அம்மா படுக்கையில் விழுந்தாள். எண்பதைத் தாண்டிய வயது. கடைசியில் கற்றது முதலில் உதிர்ந்தது. சுவாஹிலி அவளை விட்டுப் போய்விட்டது. தார் எஸ் சலாமில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் என் தம்பி மகள் வந்திருந்தாள், பன்னிரண்டு வயது. கட்டிலருகே முட்டி மடித்து "ஷிகமோ, பீபி" என்றாள். 'பீபி' என்றால் பாட்டி. அம்மா மரஹபா சொல்லவில்லை. பேத்தியின் தலையில் கைவைத்துக் கிஹாயாவில் நீளமாக ஏதோ ஆசி சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை எனக்குப் புரிந்தது. பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சுவாஹிலியில் சொன்னேன். வாழைக்கன்று பற்றி ஒன்று, ஏரி பற்றி ஒன்று. நடுவில் ஒரு சொல்லுக்கு மட்டும் என்னிடம் சுவாஹிலி இல்லை, அதை அப்படியே சொன்னேன். அவள் பையைத் திறந்து பள்ளி நோட்டை எடுத்தாள். "அத்தை, பீபி சொன்னதையே எழுதிக்கொடுங்கள். நான் மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன்."

பேனாவை வாங்கினேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். அந்த உயிரெழுத்தை ஒருமுறை எழுத வேண்டுமா, இரண்டு முறையா? எந்தப் பள்ளியும் எனக்குக் கற்றுத்தரவில்லை, நானும் யாருக்கும் கற்றுத்தந்ததில்லை. ஐம்பத்தைந்து வயது டீச்சர், அம்மா பேசும் மொழியில் ஒரு வரி எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்துபோய்ப் பாட்டியின் பழைய பெட்டியைத் திறந்தேன். அடியில், பூச்சி அரித்த துணியில் சுற்றி, வெள்ளை அங்கி மிஷனரிக் குருமார் காலத்துக் கிஹாயா செபப் புத்தகம் இருந்தது. அதை எடுத்துவந்து கட்டிலருகே உட்கார்ந்து, பிள்ளையும் நானும் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தோம்.