ஒழுங்கு தன் பிழையைத் தானே அறியுமா?

கோரக்கர், காலாங்கிநாதர் முதலிய சித்தர்கள் தவம் செய்ததாக மரபு கூறும் குகைகளைக் கொண்ட கொல்லிமலை, அறப்பளீசுவரர் கோயிலாலும் ஆகாயகங்கை அருவியாலும் மட்டுமன்றி, யோக மரபோடு கொண்ட உறவாலும் பெயர் பெற்றது. அந்த மரபு காலத்தை மூச்சால் அளந்தது. 24 நிமிடம் கொண்ட ஒரு நாழிகைக்கு 360 மூச்சு, 60 நாழிகை கொண்ட ஒரு நாளுக்கு 21,600 மூச்சு என்பது அதன் கணக்கு. ஆனால் மனம் அசையும்தோறும் மூச்சு நீளவும் குறுகவும் செய்கிறது. அளவுகோலாகிய மூச்சே பிறழ்ந்தால், அப்பிறழ்வை மூச்சைக் கொண்டே அறிய இயலுமா என்ற வினா எழுகிறது.

இவ்வினா இன்று மீவிரைவு லேசர் ஆய்விலும் கூர்மையாக எழுந்து நிற்கிறது. அத்தகைய லேசர், ஒளியை நொடிக்குப் பல கோடி முறை மிகக் குறுகிய துடிப்புகளாக வெளியிடுகிறது; அத்துடிப்புத் தொடரை நிறமாலையாகப் பிரித்தால் சம இடைவெளியில் நிற்கும் நுண்கோடுகள் தெரிவதால், அதற்கு ஒளி அதிர்வெண் சீப்பு என்று பெயர். இதனை வளர்த்தெடுத்த ஜான் ஹால், தியோடர் ஹென்ஷ் ஆகிய இருவரும் 2005ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். எனினும் இத்துடிப்புகளும் முற்றிலும் சீரானவை அல்ல. ஒரு துடிப்பு வரவேண்டிய கணத்துக்குச் சற்று முந்தியோ பிந்தியோ வருவது நேர நடுக்கம் எனப்படும். லேசரின் உள்ளே அணுக்கள் தூண்டுதலின்றித் தாமாகவே உமிழும் ஒளி, குவாண்டம் இயல்பால் தவிர்க்க இயலாதது ஆதலின், எத்துணைத் திறனோடு கட்டிய லேசரிலும் ஓரளவு நடுக்கம் எஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பும் முந்தியதன் பிழையைச் சுமந்து வருவதால், திருத்துவார் இல்லாத லேசரில் அது குவிந்துகொண்டே செல்லும்.

இந்நடுக்கத்தின் அளவு, ஒரு நொடியைப் பத்துக் கோடிக் கோடியாகப் பகுத்த ஒரு பங்காகிய ஃபெம்டோ நொடியளவிலும் அதற்குக் கீழும் அமைவதால், ஒளியை மின்குறிப்பாக மாற்றி அளக்கும்போது மின்னணுக் கருவியின் இரைச்சலே அதை மூழ்கடித்துவிடும். எனவே ஆய்வாளர்கள் இரண்டு லேசர்களின் துடிப்புகளை ஒரு படிகத்தில் சந்திக்கச் செய்கின்றனர். இரண்டும் ஒரே கணத்தில் மேற்பொருந்தும் அளவுக்கே அப்படிகத்தில் புதிய நிற ஒளி பிறப்பதால், அவ்வொளியின் ஏற்றத்தாழ்வு அவற்றிடையே உள்ள நேர வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. ஆயினும் தெரிவது வேறுபாடு மட்டுமே. பிழை எதனுடையது என்பதைத் துணிய, நடுக்கம் மிகக் குறைந்த வேறொரு லேசரோ, மூன்று லேசர்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் முறையோ வேண்டும்.

இவ்வாறு அளக்கப்படும் காலம்தான் யாது என்பதில் இந்திய மெய்யியல் மரபுகள் வேறுபட்டன. காலம் ஒன்றாய், நித்தியமாய், எங்கும் நிறைந்ததாய் உள்ள தனிப்பொருள் என்று அவற்றுள் ஒன்றைச் சார்ந்த வைசேடிகர் கொண்டனர். முன், பின், ஒருங்கு, விரைவு, தாமதம் என்ற உணர்வுகளே அதனை அனுமானிக்கும் அடையாளங்கள் என்றனர். சைவ சித்தாந்தமோ காலத்தை அசுத்த மாயையில் தோன்றிய, அறிவற்ற தத்துவமாகக் கொள்கிறது. லேசர் அளவீட்டில் கைக்கு எட்டுவன முன், பின், ஒருங்கு என்ற உறவுகளே; அவற்றின் அடியில் தனிப்பொருள் ஒன்று உண்டா என்பதை அது சொல்வதில்லை. ஆதலின் இவ்வழக்கை எந்தப் பக்கத்துக்கும் அது தீர்த்துவைக்கவில்லை.

அது வலுவாக உணர்த்துவது, அறிவின் இயல்பு பற்றிய வேறோர் உண்மையை. சைவ சித்தாந்த நூலாகிய மெய்கண்டாரின் சிவஞானபோதம், கண் தானே காணாது உயிர் காட்டக் காண்பது போல, உயிரும் தானே அறியாது இறைவன் அறிவிக்க அறிகிறது என்று கூறுகிறது. தன்னளவில் நிற்கும் துடிப்பு தன் பிழையை உணராமையும், தனித்து நிற்கும் உயிர் தன் நிலையை உணராமையும் இங்கு ஒத்து நிற்கின்றன. ஆயினும் ஒப்புமை ஓரெல்லையில் முடிகிறது: ஆய்வகத்தில் காட்டும் லேசரும் நடுங்குவதே ஆதலால் அதற்கும் மற்றொரு சான்று வேண்டும், உலகப் பொதுநேரமும் பல நாடுகளின் நூற்றுக்கணக்கான அணுக்கடிகாரங்களை ஒப்பிட்டே கணிக்கப்படுகிறது. சித்தாந்தமோ இத்தொடரைப் பிறர் அறிவிக்க வேண்டாது தானே அறியும் பதியாகிய இறைவனிடம் நிறுத்துகிறது. அப்படி நிறுத்தும் உரிமையை அளவுக்கருவி வழங்காது. அது நம்பிக்கையாலும் அனுபவத்தாலும் பெறப்படுவது.

ஆகவே அறிவியலைக் கொண்டு சமயத்தை நிறுவ முயல்வதும், அதனைக் கொண்டே சமயத்தை மறுக்க முயல்வதும் ஒருபோலப் பிழையாகும். தன்னைத் தானே சான்றாக்கிக்கொள்ளும் உறுதி அறிவாகாது என்பதை மட்டும் ஆய்வகமும் மெய்யியலும் ஒருங்கே கற்பிக்கின்றன. தன் வழி சரியானதே என்று துணிந்தவர் எவராயினும், அத்துணிவைப் பிறிதொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அறிவுக்குரிய அறமாகும்.