வாயில்லா ஜீவனின் முதுமையும் நம் பொறுப்பே

அல்ஹம்துலில்லாஹ்! எல்லாப் படைப்புகளுக்கும் உணவளித்துப் பாதுகாக்கும் வல்ல ரஹ்மானுக்கே எல்லாப் புகழும். அகிலத்தாருக்கு அருட்கொடையாக அனுப்பப்பட்ட நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாகட்டும்.

 

நம் மஹல்லாவில் பூனை வந்து போகாத வீடு குறைவு. மீன் ஆயும் இடத்தில் ஒன்று நிற்கும், பள்ளியின் ஹவ்ழ் ஓரத்தில் ஒன்று படுத்திருக்கும். குட்டியாக இருக்கும்போது பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு மடியில் வைத்திருப்பார்கள். எலி பிடிக்கும்வரை பெரியவர்களும் சும்மா இருப்பார்கள். அந்தப் பூனைக்கு வயதாகி நோய் வந்துவிட்டால் என்ன செய்வது? இன்றைய ஜும்ஆவில் அதைத்தான் பேசப் போகிறோம்.

சில நாட்களுக்கு முன் அஸருக்குப் பிறகு ஒரு பெரியவர் கேட்டார்: "ஹஜ்ரத், வீட்டுப் பூனைக்கு 14 வயசு. கிட்னி போயிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். தோலுக்கடியில ட்ரிப்ஸ் ஏத்தணுமாம். பூனைக்குப் போயி இவ்வளவு செலவா, இது இஸ்ராஃப் இல்லையான்னு மகன் கேட்கிறான். மீன் மார்க்கெட்டுல விட்டுட்டு வந்துரலாம்னு சொல்றான். மார்க்கம் என்ன சொல்லுது?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, செலவு செய்வது வீண் விரயமா? மற்றொன்று, கொண்டுபோய் விட்டுவிடலாமா? இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

விட்டுவிடுவது விடுதலை ஆகுமா?

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுச் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அந்தப் பூனையின் காரணமாகவே அவள் நரகம் சென்றாள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவள் செய்த குற்றம் என்ன? தானும் உணவளிக்கவில்லை. பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று அதை அவிழ்த்தும் விடவில்லை.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர், "அப்படியானால் அவிழ்த்து விட்டால் போதுமே" என்கிறார்கள். கவனியுங்கள்! தானாக இரை தேடித் தின்னக்கூடிய பிராணிக்குத்தான் அவிழ்த்துவிடுவது வழியாகும். பல் விழுந்து, எடை குறைந்து, கால் தள்ளாடும் 14 வயதுப் பூனை மீன் மார்க்கெட்டில் எதைப் பிடித்துத் தின்னும்? இளம் பூனைகள் அதை விரட்டும், நாய்கள் துரத்தும். ஒரு மடக்குத் தண்ணீருக்கு அது எங்கே போகும்? சாக்கில் கட்டி அடுத்த ஊரில் விட்டுவருவதற்கும் அறையில் பூட்டிப் பட்டினி போடுவதற்கும் அந்த ஜீவனைப் பொறுத்தவரை என்ன வித்தியாசம்? ஒன்று நம் கண் முன்னால் நடக்கிறது, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. அல்லாஹ்வின் பார்வைக்கு மறைவானது ஏதாவது உண்டா?

இந்த நோய் என்ன செய்கிறது?

பத்து வயதைத் தாண்டிய பூனைகளிடம் அதிகம் காணப்படும் நோய்களில் சிறுநீரகச் செயலிழப்பும் ஒன்று. சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடுவது வெளியே தெரியாது. நாம் அறிகுறியைக் கவனிக்கும்போது, அதன் வேலைத்திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். அழிந்த பகுதி மீண்டும் வளராது.

சிறுநீரைச் சுண்டவைக்கும் சக்தி போய்விடுவதால் உடம்பில் உள்ள நீரெல்லாம் வெளியேறுகிறது. அதனால் பூனை ஓயாமல் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். உடல் மெலியும், வாந்தி எடுக்கும், வாயில் துர்நாற்றம் வரும், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எவ்வளவு குடித்தாலும் தாகம் தீராத நோய் இது. அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த ஹதீஸைக் கேளுங்கள்.

வழிப்போக்கர் ஒருவர் தாகத்தால் கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்தார். மேலே வந்தால், தாகம் தாளாமல் ஒரு நாய் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அவர் மறுபடியும் இறங்கினார். தன் காலுறையில் தண்ணீரை நிரப்பி, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறி, அந்த நாய்க்குப் புகட்டினார். அல்லாஹ் அதை ஏற்றுக்கொண்டு அவருடைய பாவங்களை மன்னித்தான். இதைக் கேட்ட ஸஹாபாக்கள், பிராணிகள் விஷயத்திலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று கேட்டார்கள். உயிருள்ள ஒவ்வொன்றிலும் கூலி உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள்.

அந்த நாய் அவருடையதும் அல்ல. 14 வருடம் நம் வீட்டு வாசலில் கிடந்த ஜீவனுக்கு நம்மீது உள்ள உரிமை அதைவிடப் பெரியது அல்லவா?

பயன் போனால் பொறுப்பும் போகுமா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். எலி பிடிக்காத பூனைக்குச் செலவு செய்வது இஸ்ராஃபா?

ஹிஜ்ரி 660-ல் வஃபாத்தான, உலமாக்களின் சுல்தான் என்று போற்றப்படும் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் 'கவாயிதுல் அஹ்காம்' என்ற கிதாபில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிடுகிறார்கள். அதில் முதலாவது, அதற்குத் தகுந்த செலவைச் செய்வது. முதுமையாலோ நோயாலோ அதனால் எந்தப் பயனும் கிடைக்காத நிலை வந்தாலும் அந்தச் செலவு நீடிக்கும் என்று இமாம் அவர்கள் தெளிவாக எழுதுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள்! பயன் இருக்கும்வரை சோறு போடுவது வியாபாரம். பயன் நின்ற பிறகும் போடுவதுதான் அமானிதத்தைப் பேணுவது. "இனி இதனால் என்ன பிரயோஜனம்?" என்று ஒரு வீட்டில் பேச ஆரம்பித்தால், அந்தப் பேச்சு பூனையோடு நின்றுவிடாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வாப்பாவின் காதிலும் அது விழும். பிள்ளைகளின் மனதிலும் பதியும்.

பிராணியின் தாகத்திற்கு ஷரீஅத் எவ்வளவு மதிப்புத் தருகிறது தெரியுமா? ஒருவரிடம் இருப்பது கொஞ்சம் தண்ணீர். உளூச் செய்தால் அது தீர்ந்துவிடும், உடன் இருக்கும் பிராணி தாகத்தில் தவிக்கும். அப்போது தண்ணீரைப் பிராணிக்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும் என்று ஃபிக்ஹு கிதாபுகளில் படிக்கிறோம். தொழுகையின் தண்ணீரையே விட்டுக்கொடுக்கச் சொன்ன மார்க்கம், ஒரு பாட்டில் சலைனையா வீண் விரயம் என்று சொல்லும்?

பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுங்கள்

அபூகதாதா (ரலி) அவர்களுக்கு அவர்களின் மருமகள் கப்ஷா அவர்கள் உளூவுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தார்கள். அப்போது ஒரு பூனை வந்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் பூனையை விரட்டவில்லை. அது குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவற்றில் உள்ளது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இந்தச் செய்தி பதிவாகியுள்ளது.

நோயாளிப் பூனைக்கு நாம் செய்ய வேண்டியதும் இந்தச் சாய்த்துக் கொடுப்பதுதான்.

தண்ணீரை ஒருபோதும் குறைக்காதீர்கள். "நிறைய குடிப்பதால்தான் நிறைய சிறுநீர் கழிக்கிறது" என்று சிலர் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. வெளியேறிய நீரை ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது. வீட்டில் மூன்று நான்கு இடங்களில் கிண்ணம் வையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள்.

கருவாடு, உப்புப் போட்ட மீன், வெங்காயம் சேர்ந்த குழம்பு எதுவும் வேண்டாம். மருத்துவர் சொல்லும் சிறுநீரக உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். அதைத் தொடவே மறுத்தால் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். பூனை சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலும் கெட்டுவிடும்.

பாராசிட்டமால் போன்ற நம் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவதைப் பல மருத்துவர்கள் வீட்டாருக்கே கற்றுத் தருகிறார்கள். தோள்களுக்கு நடுவே உள்ள தளர்ந்த தோலைத் தூக்கி ஊசியைச் செருகுவார்கள். நீர் அங்கே தேங்கி, மெல்ல மெல்ல உடம்பில் சேரும். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அளவு மிஞ்சினால் இதயத்திற்கு ஆபத்து.

இன்னொரு விஷயம். இந்தப் பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தால் அடிக்காதீர்கள். அது குறும்பால் செய்யவில்லை, அடக்க முடியாமல் செய்கிறது. அதன் எச்சில் சுத்தமானது, ஆனால் சிறுநீரும் வாந்தியும் நஜீஸ். பட்ட இடத்தைக் கழுவிவிட்டால் தொழலாம். முஸல்லா விரிக்கும் அறையை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பூனையை வெளியேற்றுவதற்குத் தொழுகையைக் காரணமாக்காதீர்கள்.

வசதி இல்லாதவர் என்ன செய்வது?

யாரையும் அவர் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. மனைவி மக்களின் நஃபகா முதலில். கடன் வாங்கிப் பூனைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஸகாத் பணத்தை இதற்கு எடுக்கவும் கூடாது, அதற்குரிய எட்டுப் பிரிவினரும் மனிதர்கள். ஸதகாவாகச் செய்யலாம், கூலி உண்டு. அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். அதற்கும் வழியில்லையா? சுத்தமான தண்ணீர், மென்மையான உணவு, குளிர் படாத ஒரு மூலை, அன்பான ஒரு கை. இதற்குப் பணம் தேவையில்லை.

கடைசிக் கட்டத்தில் ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். உண்ணப்படாத பிராணியை, அதன் வேதனையைத் தீர்ப்பதற்காக என்றாலும் அறுப்பது கூடாது என்று நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ கிதாபான 'ஃபத்ஹுல் முஈன்' கூறுகிறது. ஹனஃபி ஃபத்வா கிதாபுகளில் பயனற்று நோயுற்ற பிராணி விஷயத்தில் சற்று இடம் தரப்பட்டுள்ளது. ஆகவே நீங்களாக முடிவெடுக்காதீர்கள். மருத்துவர் சொன்ன நிலையை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். செலவுக்கும் சிரமத்துக்கும் பயந்து அதை ஒரு சாக்காக ஆக்கிவிடாதீர்கள். வலி குறைக்கும் மருந்தும் வாந்தி நிற்கும் மருந்தும் கொடுத்து, அதன் அஜல் வரும்வரை நிம்மதியாக வைத்திருக்க எல்லா மத்ஹபிலும் வழி இருக்கிறது.

அன்பிற்குரிய சகோதரர்களே! மனிதனுக்குப் பணிவிடை செய்தால் நன்றி சொல்வான், ஊர் பாராட்டும். நடு இரவில் எழுந்து ஒரு கிழட்டுப் பூனைக்குத் தண்ணீர் வைப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? அது குணமாகிவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை. அல்லாஹ் மட்டுமே பார்க்கிறான். இக்லாஸுக்கு இதைவிடத் தோதான ஓர் அமல் வீட்டிலேயே கிடைப்பது அரிது. பெரும்பாலும் இதைச் செய்வது நம் வீட்டுப் பெண்கள். அவர்களைக் கேலி செய்யாதீர்கள், ஊசி போடும்போது ஒரு கை பிடித்துக் கொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பொறுப்பில் நீ ஒப்படைத்த ஒவ்வோர் உயிரின் உரிமையையும் நிறைவேற்ற எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! வாயில்லா ஜீவன்களின் முறையீட்டிலிருந்து எங்களைப் பாதுகாப்பாயாக! எங்கள் முதுமையிலும் நோயிலும் எங்கள்மீது இரக்கம் கொள்ளும் உள்ளங்களை எங்களுக்குத் தருவாயாக! மறுமையின் தாகத்தில் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் கரத்தால் கவ்ஸர் நீர் அருந்தும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.